இடப்பக்கம் கடல்

சீர்காழி தாண்டியதும் சொல்லிவிடுவது என்று காலையில் சிதம்பரம் லாட்ஜில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தேன். சீர்காழி தாண்டிப் பத்து நிமிஷமாகிறது. வேணி ஐம்பதில் போகிறாள், மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாற்றினாள், வண்டி ஒரு முனகல் முனகவில்லை, கிளட்ச்சை அப்படி விடுவதற்கு எனக்கே டிப்போவில் இரண்டு வருஷம் பிடித்தது, இவள் ஐம்பத்திரண்டு வயதில் தாம்பரத்து டிரைவிங் ஸ்கூலில் ஒரே மாசத்தில் பிடித்துவிட்டாள், சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது தட்டுக்குக் கரண்டியாலேயே அளந்து போட்ட கை அது, எதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமென்று அந்தக் கைக்குத் தெரியும். சரி, ஆக்கூர் தாண்டியதும் சொல்லலாம். அம்சவேணி, என் இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. டாக்டர் சொல்லி இரண்டு மாசமாகிறது. உன்னிடம் மறைத்துவிட்டேன். நாலே வாக்கியம். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன், குறுக்கே வந்த ஆட்டையும் ஆட்டுக்காரனையும் ஒரே மூச்சில் திட்டத் தெரிந்தவன், இந்த நாலு வாக்கியத்துக்கு மூன்று நாளாகத் திணறுகிறேன். முதல் வாக்கியத்தில் அம்சவேணி என்று முழுப் பெயர் சொன்னாலே அவள் பயந்து பிரேக்கில் கால் வைத்துவிடுவாள், வேணி என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வேணி என்று ஆரம்பித்தால் என்ன, டீ வேணுமா என்று கேட்பாள். நேற்று பரங்கிப்பேட்டையில் அப்படித்தான் ஆயிற்று, நான் வேணி என்றேன், அவள் உடனே ஓரம்கட்டி டீக்கடையைக் காட்டினாள், குடித்துவிட்டு வந்தோம். ஜன்னல் எனக்கு இடப்பக்கம். தெற்கே போகும்போது கடலும் இடப்பக்கம்தான். இந்த இடத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாது, வயலும் சவுக்குத் தோப்பும் மறைத்துக்கொண்டிருக்கும், காற்றில் மட்டும் உப்பு வரும். ஆனால் மரக்காணம் வரைக்கும் கடல் தெரிந்த இடத்திலெல்லாம் நான் கழுத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. திருப்பாவிட்டால் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இருட்டும் இல்லை, இருட்டாக இருந்தால் இருட்டு என்றாவது சொல்லலாம். வெறுமனே இல்லை.

சென்னை நாகப்பட்டினம் ரூட்டில் முப்பத்தோரு வருஷம். இந்தக் கரையில் எத்தனை கோட்டை இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்றுதான் பதில் சொல்லியிருப்பேன். சதுரங்கப்பட்டினம் என்றால் எனக்குக் கல்பாக்கம் ஸ்டாப்பில் ஏறுகிற கூட்டம். ஆலம்பரை என்றால் ஒரு பெயர்ப் பலகை, அதைத் தாண்டி ஒரு வளைவு, வளைவில் எப்போதும் மணல். தரங்கம்பாடி என்றால் கண்டக்டர் ஆபிரகாம் படியில் நின்று இறங்குறவங்க முன்னாடி வாங்க என்று கத்துகிற கத்தல். வடக்கே திரும்பி வரும்போது கடல் என் கைப்பக்கமே இருக்கும், அப்போது விடியற்காலை, வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், கடல் மேல் எனக்கு எரிச்சல்தான் வரும். அப்படிப்பட்டவனை இவள் முந்தாநாள் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே புல்வெளி, யானை மேல் ஏறுவதற்கென்றே கட்டிய மேடை, ஒரு மூலையில் பூட்டின கம்பிக்குப் பின்னால் கல்லறைகள். கல்லில் செதுக்கிய மண்டையோடு, பூ, எழுத்து, எவனோ கடல் கடந்து வந்து இந்த வெயிலில் செத்துப்போனவனுக்கு எவனோ உட்கார்ந்து பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான், ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அடேயப்பா என்று வாய்விட்டுச் சொன்னேன். இத்தனை வருஷமும் இதற்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். வேணி கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பாவம், இவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா இல்ல? அவளுக்கு எத்தனை மாசம் கழிச்சுச் சேதி போயிருக்கும்?" என்றாள். கப்பலில் போகிற சேதி. எட்டு மாசம், பத்து மாசம் ஆகியிருக்கும். அவனாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். நான் பக்கத்துச் சீட்டில் இருக்கிறேன், இரண்டு மாசமாகிவிட்டது.

அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பசித்தது. கடப்பாக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட கடையில் நண்டு கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அங்கே போனோம். அந்த அம்மா கழிமுகத்து நண்டை ஓட்டோடு மிளகு, பூண்டு தட்டிப்போட்டுக் கொண்டுவந்தாள். வேணி நண்டு சாப்பிடுவதை யாரும் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன், முப்பத்துமூன்று வருஷமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. முதலில் காலைப் பிடுங்குவாள், பல்லால் ஒரே ஒரு கடி, மேலோடு இரண்டாகப் பிளக்கும், உள்ளே சதை உடையாமல் முழுசாக வரும், அதை எனக்கு வைத்துவிட்டு நுனியை அவள் உறிஞ்சுவாள், பேச்சே இருக்காது, நெற்றியில் வேர்வை மட்டும் பூக்கும். நான் சாப்பிட்டால் ஓடும் சதையும் ஒன்றாக நொறுங்கி வாயைக் குத்தும். அன்றைக்கு என் தட்டின் இடது பாதியில் அவள் வைத்த சதை அப்படியே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "ஏன், நல்லா இல்லையா?" என்றாள். தட்டைத் திருப்பியதும் எங்கிருந்தோ இரண்டு துண்டு முளைத்தது. "உனக்குன்னு வெச்சேன்" என்றேன். எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. இந்த ஆளுக்கு வயசானதும் பாசம் வந்துவிட்டது என்று அந்தக் கடை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். இப்படித்தான் என் குருட்டுத்தனமெல்லாம் இவள் கணக்கில் பாசமாகிக்கொண்டே வருகிறது. அதன் பிறகு ஆலம்பரைக் கோட்டைக்கு நடந்தோம், பாதி இடிந்த செங்கல் சுவர், அந்தப் பக்கம் கழிமுகம், மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல், மூன்று நீலம் அடுக்கடுக்காக. எனக்கு நடுவில் ஒரு வட்டத்துக்குள்தான் தெரிகிறது, ஆனால் அந்த வட்டத்துக்குள் விழுந்தது அவ்வளவும் பிரமாதம். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி மொத்தத்தையும் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன். நின்று பார்க்க வேண்டிய இடத்தையெல்லாம் ஓடிக்கொண்டே கடந்திருக்கிறேனே என்று அங்கே கண்ணீரே வந்துவிட்டது, உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன், சொட்டு மருந்தை எடுத்து அவளே விட்டாள். கண் எரிச்சலுக்கு என்று சொல்லி வைத்திருக்கிற மருந்து அது. இமையைத் தூக்கி அத்தனை பதமாக விட்டாள், ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

சாவி விஷயம்தான் இதில் மோசம். டாக்டர் அம்மா படத்தை விரித்துக் காட்டி, "கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு செத்திருக்குங்க, போனது திரும்பி வராது, இருக்கறதக் காப்பாத்தத்தான் மருந்து, இனிமே வண்டி ஓட்டக்கூடாது" என்று சொன்ன அன்றைக்கு சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன், கார் சாவியை எடுத்து வேணி கையில் வைத்தேன். இனிமே நீதான் டிரைவர், நான் ஓட்டின வரைக்கும் போதும், நீ ஓட்டு, நான் உக்காந்து வர்றேன் என்றேன். டிரைவிங் கற்றுக்கொண்டு இரண்டு வருஷமாகியும் நான் அவளை மளிகைக் கடைக்குக்கூட ஓட்ட விட்டதில்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன், அவளும் சலித்துப்போய் விட்டுவிட்டாள். அன்றைக்குச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள், பூஜை அறையில் கொண்டுபோய் வைத்தாள், மகள் நிரோஷாவுக்குப் போன் போட்டு உங்கப்பா மாறிட்டாருடி என்றாள், தெரு பூராவும் சொன்னாள். இந்தப் பயணம்கூட அந்தச் சாவியிலிருந்து முளைத்ததுதான். நீங்க ஓட்டின ரோட்டுல உங்களை உக்கார வெச்சு நான் கூட்டிட்டுப் போறேன் என்றாள். நான் அதற்குச் சரி என்றது கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற சுயநலம். அதையெல்லாம்விட ஒரு பயம் இருக்கிறது, அதை டாக்டரிடம் மட்டும் கேட்டேன், எத்தனை வருஷமா இப்படி இருந்திருக்கும் என்று. நாலஞ்சு வருஷமாவது இருக்கும் என்றார். நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறது. அப்படியானால் கடைசி மூன்று வருஷம், நாலு வருஷம், ஐம்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு, மழையில், இடப்பக்கம் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மாடும் வருகிற ரோட்டில் நான் எதைப் பார்த்து ஓட்டினேன்? ஆபிரகாமின் விசிலைத்தான். இரண்டு விசில் என்றால் இடப்பக்கம் சுத்தம், போகலாம். அந்த மனுஷன் படியில் தொங்கிப் பார்க்காமல் ஒரு நாளும் விசில் அடித்ததில்லை. என் இடது கண் அவன் வாயில் இருந்திருக்கிறது, அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை என்பதை இந்த இரண்டு மாசத்தில் ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லியாகிவிட்டது, இருந்தாலும் படுத்தால் ஏதோ ஒரு சைக்கிள் மணி கேட்கிறது.

முதல் நாள் கிளம்பும்போது வேணி எனக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தாள். "இன்னைலேர்ந்து நீங்கதான் கண்டக்டர். லெஃப்ட் சைடு உங்க பொறுப்பு. நான் கேக்கும்போது பாத்துச் சொல்லுங்க." எந்தப் பக்கம் எனக்கு இல்லையோ அந்தப் பக்கம். மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான், ரைட், போலாம் என்று ராகம் போட்டேன், சிரித்தாள். அன்றிலிருந்து அவள் கேட்கும்போதெல்லாம் உடம்பையே திருப்பிக் கண்ணாடியையும் ஜன்னலையும் வலது கண்ணால் தடவி, சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் ரைட் சொல்கிறேன். கழுத்து வலிக்கிறது. இதோ ஆக்கூர் வந்து போய்விட்டது. திருக்கடையூர் வருகிறது, ரோட்டோரம் மாலையும் கழுத்துமாக வயசான மாப்பிள்ளை பெண்கள், பின்னாலேயே பேரப்பிள்ளைகள், வேன் வேனாக. போன வருஷம் எனக்கு அறுபது முடிந்தபோது நிரோஷா இங்கே வந்து கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னாள், வேணி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "ஒரு தடவை கட்டிக்கிட்டதே போதும், அந்தச் செலவுக்கு என்னைய எங்கனா கூட்டிட்டுப் போகச் சொல்லு." இப்போதும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, "அந்தம்மா மூஞ்சியப் பாருங்க, பசி" என்கிறாள். "தரங்கம்பாடியில கோட்டையப் பாத்துட்டு மொத வேலையா மீன். காலைல பிடிச்ச மீனா இருக்கணும்." எவ்வளவு உற்சாகம். சொன்னால் இது போய்விடும். சொன்ன நிமிஷத்திலிருந்து இது ஊர் சுற்றுவதாக இருக்காது, ஆஸ்பத்திரியாகிவிடும், பார்வையில் பரிதாபம் வந்துவிடும், சாவியை அவள் பூஜை அறையில் வைத்தது ஞாபகம் வரும். கோட்டைக்குப் போய் உட்கார்ந்ததும் சொல்லிவிடலாம், கடலைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம், முகத்தைப் பார்க்க வேண்டாம், வேணி, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத, கோவிச்சுக்காத என்று ஆரம்பித்தால் அவளுக்கு நிச்சயம் கோபம் வரும், வேணி, போன ஆடியில நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் இல்ல, அப்ப அந்த டாக்டர் அம்மா, "தரங்கம்பாடி திரும்பணும், லெஃப்ட் பாருங்க," அந்த டாக்டர் அம்மா என்ன சொன்னாங்கன்னா, "ரைட், போலாம்."

வாய்தான் சொன்னது. நான் திரும்பவே இல்லை. வேணி இடது பக்கம் ஒடித்தாள், உடனே பிரேக் அடித்தாள், என் மார்பில் பெல்ட் இறுகியது, ஹாரன் இல்லை, ஒரு ஆளின் ஐயோ என்ற சத்தம், பிறகு பெட்டி விழுகிற சத்தம், ஐஸ் சிதறுகிற சத்தம். இறங்க எனக்குக் கதவின் கைப்பிடி அகப்படவில்லை. மொபெட் சாயாமல் ஒரு கால் ஊன்றி நிற்கிறது, அதில் அறுபது வயசுக்காரர் ஒருவர், பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டி மட்டும் கயிறு அறுந்து கவிழ்ந்திருக்கிறது. ரோடு முழுக்க சங்கரா மீன், செக்கச்செவேலென்று, வெயிலில் பளபளக்கிறது. அவர் மேல் ஒரு கீறல் இல்லை. "என்னா சார் இது, பாத்துத் திரும்பக் கூடாதா? இண்டிகேட்டர் போட்டதும் நான் வேகத்தைக் கொறைச்சிட்டேன், இல்லாட்டி இந்நேரம் நான் வீலுக்கு அடியில" என்கிறார். வேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே, அடி கிடி பட்டுதா, எங்கனா வலிக்குதா" என்று கேட்கிறாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீங்க சமயத்துல நிறுத்திட்டீங்க. மீனு மண்ணாயிருக்கு, கழுவிக்கலாம். நான் பன்னீரு, பொறையாறு பூரா நம்ம மீனுதான், மண்ணு ஒட்டுனாலும் வாங்கிக்குவாங்க" என்று அவரே எங்களைத் தேற்றுகிறார். மூன்று பேரும் குனிந்து பொறுக்குகிறோம். நான் பொறுக்கிக்கொண்டே இருக்கிறேன், முன்னால் தெரிகிறதையெல்லாம் எடுத்துப் பெட்டியில் போடுகிறேன், முடிந்தது என்று நிமிர்கிறேன். வேணி கையில் மீனோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "உங்க காலாண்ட" என்கிறாள். குனிகிறேன், இல்லை. "இன்னும் இந்தப் பக்கம்." கையால் ரோட்டைத் தடவுகிறேன், இல்லை. அவள் நடந்து வந்து என் இடது செருப்பை ஒட்டிக் கிடந்த ஒன்று, இரண்டு, மூன்று மீனை எடுத்துப் பெட்டியில் வைக்கிறாள். பன்னீர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, போய்ட்டு வாங்கம்மா, பாத்துப் போங்க என்று கிளம்பிவிட்டார். அவள் காரில் ஏறினாள். நானும் ஏறினேன். திரும்புவதற்கு முன் வண்டியை நிறுத்தி என் மேலாகச் சாய்ந்து என் பக்கத்து ஜன்னலை அவளே பார்த்துக்கொண்டாள்.

பழைய வாசலுக்குள் நுழைந்தால் ஒரே நேர்த் தெரு, இரண்டு பக்கமும் வெள்ளை வீடுகள், முடிவில் மைதானம், அதற்கு அப்பால் டேனிஷ்காரன் கோட்டை, வெளுத்த மஞ்சளும் ரோஸும் கலந்த நிறத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு லட்சணமாக நிற்கிறது. கோட்டை என்றால் மிரட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், இது மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்த மனுஷன் மாதிரி நிம்மதியாக நிற்கிறது. வேறு நேரமாக இருந்தால் வேணி நூறு கேள்வி கேட்டிருப்பாள். மேல்தளத்துக்கு ஏறும்போது ஒவ்வொரு படியிலும் எனக்காக நின்றாள், ஆனால் கையைக் கொடுக்கவில்லை. மேலே பீரங்கிக்குப் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தோம். கீழே அலை தடுப்புக் கற்களில் ஏறி இறங்குகிறது, அந்தப் பக்கம் கடல் பாதி தின்றுவிட்டு மீதி வைத்த மாசிலாமணிநாதர் கோயில். "எவ்வளவு நாளா?" என்றாள். சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்ததெல்லாம் பொய், அவள் முகத்தைத்தான் பார்த்தேன், நாலு வாக்கியமும் வந்தது, ஆபிரகாம் விசிலும் வந்தது, ராத்திரி கேட்கிற சைக்கிள் மணியும் வந்தது. முழுசாகக் கேட்டாள். "கண்ணு போறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. அதுக்கு உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. பாக்காமயே ரைட் சொன்னீங்களே. ஆபிரகாம் அண்ணன் ஒரு நாளு அப்படிச் சொல்லியிருந்தா நீங்க அவர மறுநாள் வண்டியில ஏத்தியிருப்பீங்களா?" ஏற்றியிருக்க மாட்டேன். "அந்தப் பன்னீர் அண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தா என் கையாலதான ஆகியிருக்கும்." பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "அப்ப சாவிய எனக்குன்னு குடுக்கல நீங்க" என்றாள்.

இதற்குத்தான் பயந்தேன், இரண்டு மாசமும் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். இல்லை, உனக்காகத்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம், நம்பவும் நம்புவாள். "இல்ல வேணி. என்னால வெச்சிக்க முடியலன்னுதான் குடுத்தேன். பொய் சொல்லித்தான் குடுத்தேன். குடுத்தப்புறம்தான் பக்கத்துல உக்காந்து பாத்தேன், நீ எப்படி ஓட்டறேன்னு. எங்க டிப்போவுல நூத்துல ஒருத்தன்கூட அப்படி ஓட்ட மாட்டான். அத மட்டும் பொய் சொல்லல. கண்ணு நல்லா இருக்கும்போதே குடுத்திருக்கணும், குடுக்காம வெச்சிருந்தேன், புத்தி கெட்டவன்." அழுதாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து நிரோஷாவுக்குப் போட்டாள். "ஞாயித்துக்கிழம வர்றதா சொன்னோம் இல்ல, வரல. உங்கப்பாவுக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்குது. எடது சுத்தமா இல்ல, வலது கொஞ்சம் கொஞ்சமா. எங்கிட்டயே இன்னைக்குத்தான் சொல்றாரு. ஏய், அழாத. மருந்து கையில இருக்குது, வேளைக்கு நான் விடறேன். திரும்பி வந்ததும் போறதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில கேட்டு வை. தெரியற வரைக்கும் பாக்கட்டும், காட்டிட்டுக் கூட்டியாறேன்." இரண்டு மாசமாக என் வாயில் வராததை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள், எனக்கு அவ்வளவு கலக்கத்திலும் பெருமையாக இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "இங்கேர்ந்து தெக்கால ரோடு எப்படி?" என்றாள். "நாகப்பட்டினம் வரைக்கும் தெரியும். அதுக்கப்புறம் நான் போனதில்ல. வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரைன்னு போகும்பாங்க." "நானும் போனதில்ல. எந்திரிங்க, பசிக்குது." படி இறங்கும்போது அவள் என் இடப்பக்கமாக வந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. சங்கரா வாடையும் முழங்கைக்கு மேலே ஒரு பிடியும் மட்டும்தான் அந்தப் பக்கம் இருந்தது. பிடி நன்றாக வலித்தது. கோபம் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும், மெதுவாகத் தீரட்டும், கோடியக்கரை வரைக்கும் நேரம் இருக்கிறது.